தாத்தாவின் லைசென்ஸ் புத்தகம்: குன்றாண்டார்கோவிலில் இருந்து ஒரு லாரி டிரைவரின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக, பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

வழக்கமா நாம இங்க ராஜா, போர், கல்வெட்டு, கோயில்னு பேசுவோம். இன்னைக்கு என் தாத்தாவைப் பத்திப் பேசப்போறேன். அம்மாவோட அப்பா. புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவில் பக்கத்துக்காரர். நாற்பது வருஷத்துக்கு மேல லாரியிலேயே வாழ்ந்தவர். 2022-ல் தன் 79-வது வயசில் காலமானார்.

இதுல என்ன வரலாறு இருக்குன்னு நீங்க கேக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். காரியம் எல்லாம் முடிஞ்ச பிறகு அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தோம். ரெண்டு வேட்டி, ஒரு டார்ச் லைட், பழைய லைசென்ஸ் புத்தகம், ஒரு கட்டு போஸ்ட் கார்டு. அவ்வளவுதான். லைசென்ஸ் அப்ப கார்டு கிடையாது. போட்டோ ஒட்டி, சீல் குத்தின சின்னப் புத்தகம். அதை நான் புரட்டிக்கிட்டு, "எவ்வளவு பாசமான மனுஷன்"னு அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா அமைதியா ஒரு வார்த்தை சொன்னாங்க.

"உனக்குத்தான் அவர் தாத்தா. எனக்கு அப்பான்னா தெருமுனையில கேக்குற ஹாரன் சத்தம்."

அந்த வார்த்தைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த எபிசோடே அதற்குப் பதில் தேடிப் போனதுதான்.

ஒரே வீடு, மூன்று விலாசம்

அந்த லைசென்ஸ் புத்தகத்தில் விலாசம் எழுதின பக்கத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டம்னு இருக்கு. பின்னால் புதுப்பித்த பக்கங்களில் புதுக்கோட்டை மாவட்டம். தாத்தா வீடு மாறவே இல்லை. ஊர்தான் அவரைச் சுற்றி மாறியது.

அவர் பிறந்தது 1943-ல். அப்போது இந்த ஊர் தொண்டைமான்களின் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. 1948 மார்ச் 3-ம் தேதி சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. பிறகு 1974 ஜனவரி 14, பொங்கல் சமயத்தில், புதுக்கோட்டை தனி மாவட்டமானது. ஐந்து வயசில் பிரஜை என்ற நிலை போய்க் குடிமகன் ஆனவர், முப்பது வயசில் உட்கார்ந்த இடத்திலேயே மாவட்டம் மாறினார்.

ஊரைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். கீரனூருக்குக் கிழக்கே இருக்கு. வடக்கே கொஞ்ச தூரத்தில் தஞ்சாவூர் மாவட்டம் தொடங்கிடும். அங்கே ஆற்றுப் பாசனம். இங்கே மழை பெய்தால் குளம் நிறையும், இல்லைன்னா வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். பழைய சமஸ்தானப் பகுதியில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களும் கண்மாய்களும் இருந்தன. இவ்வளவு சின்ன நிலப்பரப்பில் இத்தனை குளம் ஏன் வெட்டினாங்க? ஆறு வராத ஊர், அதனாலதான்.

குளம் வறண்டால் பையன்களுக்குப் பெரிசா வழி கிடையாது. ஒன்று, நடவுக்கும் அறுப்புக்கும் தஞ்சாவூர்ப் பக்கம் கூலிக்குப் போகணும். இல்லைன்னா எங்கேயாவது வண்டி ஏறணும். தாத்தா வண்டி ஏறினார். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்று, 1959-ல், பதினாறு வயசில், திருச்சியில் ஒரு லாரிக்குக் கிளீனராகப் போனார்.

கிளீனர் என்ற பள்ளிக்கூடம்

கிளீனர்னா வண்டி துடைக்கிறவர்னு இப்ப நினைச்சுக்கிறோம். அன்றைக்கு அது ஒரு குருகுலம். டிரைவருக்குச் சோறு ஆக்கணும், டயரைத் தட்டிப் பார்த்துக் காத்து அளவு சொல்லணும், தார்ப்பாய் போட்டுக் கயிறு இறுக்கணும், ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்னு பாடியில் தட்டணும். ஏற்றத்தில் வண்டி நின்னா, பின்சக்கரத்துக்குக் கட்டை போடக் குதிக்கணும். ராத்திரியில் டிரைவர் கண் அசராமல் பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருக்கணும். சம்பளம்னு பெரிசா ஒன்னும் கிடையாது. சாப்பாடு, எப்பவாவது கையில் கொடுக்குற காசு, என்றைக்காவது ஸ்டீயரிங்கைத் தருவாங்கன்னு ஒரு நம்பிக்கை.

அந்தக் காலத்து லாரிகளைப் பத்தித் தாத்தா பேசினால் குதிரையைப் பத்திப் பேசுற மாதிரி இருக்கும். அவருக்கு ரெண்டே ஜாதி வண்டிதான்: லேலண்டு, பென்ஸ். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. பிறகு இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1954-ல், டாடாவின் டெல்கோ ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. அந்த ஒப்பந்தம் 1969-ல் முடிந்து, முகப்பில் பென்ஸ் நட்சத்திரம் போய்விட்டது. ஆனாலும் நம்ம ஊரில் ரொம்ப நாள் அது "பென்ஸ் லாரி"தான்.

பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டிகள். ஒரு கொண்டை ஊசி வளைவைத் திருப்பணும்னா தோள்பட்டை கழன்றுவிடும். தாத்தாவின் வலது முழங்கை முழுசாக நீளாது. கதவோரம் கையை வச்சு வச்சு அப்படி ஆகிப்போச்சுன்னு சொல்வார். வலது கன்னமும் வலது கையும் இடதைவிடக் கறுப்பு. வெயில் பட்ட பக்கம்.

1966-ல் அவருக்கு ஹெவி லைசென்ஸ் கிடைத்தது. தஞ்சாவூர் நெல், டால்மியாபுரம் சிமெண்டு, தூத்துக்குடி உப்பு, சிவகாசி தீப்பெட்டி, பிறகு எங்க மாவட்டத்துத் தைல மரக் கட்டை. 1965-ல் இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில்தான் திறந்தது. பசுமைப் புரட்சியைப் பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். விதை, உரம், அணைக்கட்டு எல்லாம் அதில் வரும். அந்த மூட்டைகளை ராவோடு ராவா ஏற்றிக்கொண்டு போனவர்கள் வர மாட்டார்கள்.

மொழிப்போர் ஊரிலிருந்து இந்தி பேசப் போனவர்

1965 மொழிப்போரில் விஷம் குடித்து உயிர் விட்டவர்களில் கீரனூர் முத்துவும் விராலிமலை சண்முகமும் உண்டு. ரெண்டும் எங்க சுற்றுவட்டார ஊர்கள். தாத்தாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. கீரனூர் கடைத்தெருவில் அன்றைக்கு இருந்த இறுக்கத்தைக் கடைசிவரைக்கும் சொல்வார்.

அதே மனுஷன் பத்து வருஷத்தில் நாக்பூர் தாபாக்களில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து இந்தியில் ரொட்டிக்குப் பேரம் பேசினார். தெலுங்கு, கன்னடம், மராத்தி எல்லாம் தெரியும், எதையும் எழுதத் தெரியாது. நான் ஒருமுறை கேட்டேன், "தாத்தா, இந்தியை எதிர்த்த ஊர்க்காரர் இந்தி கத்துக்கிட்டீங்களே?" அவர் சொன்னார்: "பசிக்குக் கத்துக்கறது வேற ஆத்தா, ஒருத்தன் அதட்டிக் கத்துக்கச் சொல்றது வேற." இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வெளிமாநிலப் பயணம் அப்போது லேசில்லை. ஒரு மாநிலத்து பர்மிட் அடுத்த மாநிலத்தில் செல்லணும்னா அங்கேயும் ஒப்புதல் கையெழுத்து வேணும். 1975-ல் நேஷனல் பர்மிட் திட்டம் வந்த பிறகுதான் லாரிகள் பல மாநிலங்களைக் கடந்து போவது சுலபமானது. ஆனாலும் செக்போஸ்ட்டுகள் இருந்தன. விற்பனை வரிக்கு ஒன்று, மாநகர எல்லையில் சுங்கத்துக்கு ஒன்று. வரிசையில் நின்றால் ஒரு ராத்திரி போய்விடும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து அந்த வரிச் சாவடிகள் மூடப்பட்டபோது தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "என் வயசுல பாதி அங்கதான் நின்னுச்சு" என்று மட்டும் சொன்னார்.

அவரைத் தொடாத சட்டம்

இனி அம்மா சொன்ன ஹாரன் சத்தத்துக்கு வருவோம்.

அம்மா பிறந்தது 1970-ல். பிறந்த செய்தி தாத்தாவுக்குப் பதினோரு நாள் கழித்துத்தான் தெரியும். காது குத்தும்போது அவர் இல்லை. 1984-ல் அம்மாவுக்குச் சடங்கு சுற்றும்போது தாய்மாமன் வந்து நின்றார், சீர் வந்தது, சொந்தம் எல்லாம் வந்தது, அப்பா வரவில்லை. பம்பாயில் ரிட்டன் லோடு கிடைக்காமல் ஒன்பது நாள் கிடந்தார். கல்யாணத்தன்று விடிகாலையில் லாரியோடே வந்து இறங்கி, வாசலில் தண்ணி ஊற்றிக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு மணவறைப் பக்கம் நின்றார். அன்று மாலையே வண்டி கிளம்பியது.

இதெல்லாம் அவர் குணமா, தொழிலா? இதைத்தான் நான் தேடினேன்.

1961-லேயே இந்தியாவில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்று அதில் இருந்தது. நீண்ட தூர வண்டி என்றால் அனுமதியோடு 10 மணி நேரம், 54 மணி நேரம் வரை போகலாம் என்றிருந்தது. வார ஓய்வு, சம்பளத்தோடு விடுப்பு எல்லாம் அதில் இருந்தது. படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த வரியைப் பார்த்தேன். ஐந்து பேரோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு, மாநில அரசு தனியாக அறிவித்தால்தான் உண்டு என்றிருந்தது.

நம்ம ஊர் லாரித் தொழில் எப்படிப்பட்டது? சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று எங்கே எடுத்தாலும், ஒரு வண்டி ரெண்டு வண்டி வச்சிருக்கிற ஓனர்கள்தான் அதிகம். அவரும் கடன் வாங்கித்தான் வண்டி எடுத்திருப்பார். நேற்று வரைக்கும் டிரைவராக இருந்தவராகவும் இருப்பார். தாத்தாவின் முதலாளிக்கு இருந்தது ரெண்டு லாரி. ரெண்டு டிரைவர், ரெண்டு கிளீனர், ஆக நாலு பேர். சட்டம் ஐந்தில் தொடங்கியது.

சம்பளமும் மாசக் கணக்கில்லை, ட்ரிப் கணக்கு, மேலே படி. வண்டி ஓடினால் காசு, நின்றால் இல்லை. மகள் சடங்குக்கு வருவதென்றால் ஒரு ட்ரிப்பை விடணும். அந்த ட்ரிப் காசில்தான் சடங்குச் செலவே நடக்கணும். நேஷனல் பர்மிட் வண்டியில் ரெண்டு டிரைவர் இருக்கணும்னு 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருந்தது. 2018-ல்தான் அதை எடுத்தார்கள். தாத்தா ஓட்டின வண்டியில் அந்த ரெண்டாவது டிரைவர் காகிதத்தில் மட்டும் இருந்தார்.

இதையெல்லாம் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "சட்டத்தைக் குறை சொல்லிட்ட, சரி. லெட்டராவது ஒழுங்கா எழுதியிருக்கலாம்ல?" என்றார். அங்கேதான் அந்த போஸ்ட் கார்டு கட்டு வருகிறது.

1991 டிசம்பர்

தாத்தா எழுதின கார்டுகள் எல்லாம் ரெண்டு வரிதான். "நலம். வண்டி நலம்." அவ்வளவே. அம்மாயிக்கு எழுத்து தெரியாது. அடுத்த வீட்டுப் பையன்தான் படித்துக் காட்டுவான். ரெண்டே வரியாக இருந்ததற்கு அதுவும் காரணமோ என்னவோ. பொண்டாட்டிக்கு எழுதுறதை ஊரான் வாயால் கேட்க வைக்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றது அப்போதுதான். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதை எழுதி உலகத்துக்குத் தெரியப்படுத்தினார். அம்மாவுக்கு அப்போது இருபத்தோரு வயசு. ராத்திரியில் லாந்தர் வெளிச்சத்தில் தொண்டராக வகுப்பு எடுத்தார். வகுப்பில் உட்கார்ந்தவர்களில் அம்மாயியும் ஒருத்தர்.

அந்த டிசம்பரில் காவிரிக் கலவரம். நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு மத்திய அரசிதழில் வெளியானதும் கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். தாத்தா அப்போது மகாராஷ்டிரத்தில் இருந்து வெங்காய லோடோடு தும்கூர்ப் பக்கம் வந்துகொண்டிருந்தார். சாலையோரப் பஞ்சர் கடைக்காரர், கன்னடக்காரர், பல வருஷப் பழக்கம். கை காட்டி வண்டியை நிறுத்தி, கடைக்குப் பின்னால் ஓட்டச் சொன்னார். முகப்பில் இருந்த "முருகன் துணை"யை இவர் தார்ப்பாயாலேயே மூடினார். நாலு நாள் சோறு போட்டு வைத்திருந்தார். வெங்காயம் பாதி அழுகிவிட்டது, ஆள் பிழைத்தார்.

யோசித்துப் பாருங்கள். எங்க ஊருக்குக் காவிரித் தண்ணி வந்ததே கிடையாது. தன் வயலைத் தொடாத ஒரு ஆற்றுக்காக அந்த மனுஷன் நாலு நாள் ஒளிந்திருந்தார். காவிரி–வைகை–குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் எங்க மாவட்டத்தில்தான் அடிக்கல் நாட்டினார்கள். அந்தச் செய்தியை நான் வாசித்தபோது தாத்தா, "அன்னிக்கு வந்திருந்தா நான் ஒளிஞ்சதுக்கு ஒரு நியாயமாச்சும் இருந்திருக்கும்" என்று சிரித்தார். அந்தப் பஞ்சர் கடைக்காரருக்கு, வண்டியை விடும்வரைக்கும், ஒவ்வொரு ட்ரிப்பிலும் எங்க ஊர் நிலக்கடலை ஒரு பை போனது.

வீட்டில் இது எதுவும் தெரியாது. ரேடியோவில் கலவரம்னு சொல்கிறார்கள். போன் இல்லை. பத்து நாள் கழித்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அம்மா படிக்கக் கை நீட்டினார். அம்மாயி தரவில்லை. கார்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வாசல்படியில் உட்கார்ந்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டினார். ந... ல... ம். "நலம்." அந்த ஒரு சொல்லைப் படிக்க எவ்வளவு நேரம் ஆனதுன்னு அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. படித்து முடித்ததும் அம்மாயி வாய்விட்டு அழுதாராம். அதற்குப் பிறகு எந்தக் கார்டையும் அடுத்தவர் கையில் கொடுத்ததில்லை.

கட்டில் இருக்கும் கார்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். 1992-க்குப் பிறகு வந்தவை நாலு வரி, ஆறு வரி. ஒன்றில், "பாப்பா சைக்கிள் ஓட்டுதாமே, பிரேக்கைப் பாத்துக்கச் சொல்லு" என்று இருக்கிறது. பாப்பா என்பது எங்க அம்மா. அந்தக் கார்டை அம்மா இப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

கல் தேர்

2003-ல் தாத்தா வண்டியை விட்டார். நாலு பெருநகரங்களை இணைக்கும் 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கர சாலை வேலை அப்போது மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. "நான் இறங்கின பிறகு ரோடு போடுறான் பாரு" என்பார்.

எனக்கு எட்டு வயசு. அதற்குப் பிறகு அவர் எனக்கே எனக்கானவர். டி.வி.எஸ். 50-ல் பள்ளிக்கூடம் கொண்டு விடுவார். கிளம்பும் முன் ரெண்டு டயரையும் தட்டிப் பார்ப்பார். மழை வந்தால் லாரித் தார்ப்பாயை வெட்டித் தைத்த உறையால் என் புத்தகப் பையை மூடுவார். ஆண்டு விழாவில் நான் மூன்று நிமிஷம் ஆடினால், அவர் மூன்று மணி நேரம் முன்னாடியே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். எந்த விசேஷத்துக்கும் அவர் பிந்தி வந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்க ஊர்க் கோயிலுக்குக் கூட்டிப்போவார். பாறையைக் குடைந்த சிவன் கோயில், எட்டாம் நூற்றாண்டு என்கிறார்கள். முன்னால் இருக்கிற நூற்றுக்கால் மண்டபம் பிற்காலத்தது. தேர் வடிவத்தில், கல் சக்கரம் வைத்து, குதிரைகள் இழுத்துக்கொண்டு ஓடுவது போலச் செய்திருப்பார்கள். தாத்தா சாமி கும்பிட்டது கொஞ்சம்தான். நேராக அந்தச் சக்கரத்துக்குப் போவார். குந்தி உட்கார்ந்து, அச்சு எப்படி வச்சிருக்கான்னு தடவிப் பார்ப்பார்.

ஒருநாள் பாறையில் இருந்த கல்வெட்டைக் காட்டி, "என்னத்தை எழுதியிருக்கான்?" என்று கேட்டார். யார் கோயிலுக்கு என்ன கொடுத்தாங்கன்னு இருக்கும் தாத்தா என்றேன். "கொடுத்தவன் பேரு சரி. இம்புட்டுக் கல்லையும் வண்டியில வச்சுக் கொண்டாந்தவன் பேரு இருக்கா?" இல்லை தாத்தா என்றேன். "இருக்காது" என்று எழுந்து வேட்டியைத் தட்டினார். வருத்தமாகச் சொல்லவில்லை. தெரிஞ்ச விஷயத்தைச் சரிபார்த்த மாதிரிச் சொன்னார்.

நான் வரலாறு படிக்கப் போனதற்கு அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஒரு காரணம்.

அம்மாவின் பதில்

இந்த எபிசோடைப் பதிவு செய்வதற்கு முன்னால் எழுதினதை எல்லாம் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அப்பா இல்லாமல் போனதற்குக் காரணம் கண்டுபிடித்துவிட்ட தைரியத்தில் வாசித்தேன். அம்மா கேட்டுவிட்டுச் சொன்னது இது:

"காரணம் தெரிஞ்சா மனசு ஆறிடும்னு நினைக்கிற. எனக்குக் கொடுக்காததைத்தான் உனக்குக் கொடுத்தாரு. அதை நான் சமையக்கட்டுல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். சில நாள் அது எனக்கும் சேர்த்துத்தான்னு தோணும். சில நாள் தோணாது. அப்படியே சொல்லு, மாத்திச் சொல்லாத."

மாற்றாமல் சொல்லிவிட்டேன். ஒரு சட்டம் ஐந்து பேரில் இருந்து எண்ணத் தொடங்கியது. நாலு பேர் வேலை செய்த இடத்தில், ஒரு சின்னப் பெண் சடங்கன்று வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த ரெண்டையும் சேர்த்து எழுதினால்தான் அது முழு வரலாறு.

லைசென்ஸ் புத்தகம் இப்போது என்னிடம். "பிரேக்கைப் பாத்துக்கச் சொல்லு" என்ற கார்டு அம்மாவிடம். அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டார்.

உங்க வீட்டிலும் ஒரு தகரப்பெட்டி இருக்கும். பெரியவர்கள் இருக்கும்போதே ஒருமுறை திறந்து, "இது என்ன, எந்த வருஷம்?" என்று கேட்டுக் குறித்து வையுங்கள். அவர்களுடைய பிள்ளைகளிடமும் கேளுங்கள், பேரப்பிள்ளைகளிடம் மட்டும் கேட்காதீர்கள். ரெண்டு பேர் சொல்வதும் ஒன்றாக இருக்காது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.